எல்லா வீட்டுக்கும் போகிற புரதம்

இத்தனை வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது மலேசியாவில், கிள்ளானில் எங்கள் அக்கம்பக்கத்தாருக்கு இன்றுவரை புரிந்ததில்லை. லேப்பில் வேலை என்று சொல்லியிருந்ததால் ரத்தம் எடுப்பவள் என்று நினைத்துக்கொண்டார்கள். சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டியவர்களும் உண்டு. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இனிப்பக் கொறைங்க" என்று சொல்லி அனுப்புவேன். அந்தப் பதில் யாருக்குச் சொன்னாலும் தப்பாகாது.

உண்மையில் நான் பார்த்தது வாழைக்குக் கல்யாணத் தரகு. ஒரு வாழை இலைக்குள் ஆயிரமாயிரம் புரதங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. எது எதனோடு கைகோக்கும், எது எதைக் கண்டால் விலகிப் போகும் என்று முன்கூட்டியே ஊகிப்பதும், ஊகித்தது சரிதானா என்று லேப்பில் சோதிப்பதும்தான் வேலை. ஊகிப்பது கம்ப்யூட்டர். சோதிப்பது நான்.

போன மாதம் பூச்சோங்கில் இருக்கும் எங்கள் பழைய லேப்பின் புது இடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கீர்த்தனா என்ற பெண் இப்போது அந்த வேலையைப் பார்க்கிறாள். புதிதாக வந்திருக்கும் புரோகிராமைத் திறந்து காட்டினாள். புரதத்தை ஒரு எழுத்து வரிசையாகத்தான் எழுதுவோம்; அப்படி இரண்டு புரதங்களின் எழுத்துகளைக் கொடுத்ததும், அவை இருட்டில் மெதுவாகச் சுழன்று ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று போய் உட்காருவதை அப்படியே படமாகக் காட்டியது. கனவில் பார்ப்பது போல இருந்தது. எத்தனையோ வருஷம் நான் ரயிலில் அரைத்தூக்கத்தில் பார்த்த காட்சி அதுதான்.

"ஆன்டி, அப்பல்லாம் நீங்க எப்படி பண்ணீங்க? எழுதிக் குடுங்களேன், நம்ம நியூஸ்லெட்டர்ல போடறோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு அங்கே நடந்த இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படித்தது வேதியியல். முதலில் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறை ஆலையில் ரப்பர் பாலின் தரம் பார்த்தேன். அந்த நெடி தலைமுடியிலிருந்து போகவே போகாது. பிறகுதான் ஸ்ரீ கெம்பாங்கானில் இந்தத் தனியார் லேப்பில் சேர்ந்தேன். கீழே நாற்காலி கட்டில் விற்கிற கடை, மேல்மாடியில் நாங்கள். படியேறும்போது வார்னிஷ் வாசம், கதவைத் திறந்தால் ஈஸ்ட்டின் ரொட்டி வாசம். இந்த இரண்டும் சேர்ந்து எங்கிருந்தாவது அடித்தால் இப்போதும் என் கால் தானாகப் படியைத் தேடும்.

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை ஒரு ரயில், அங்கிருந்து செர்டாங்குக்கு இன்னொன்று. நேரமிருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இறங்கி வடை வாங்கிக்கொள்வேன். ரயிலில் எனக்குத் தூக்கமும் வராது, விழிப்பும் நிற்காது. நடைமேடைக் கூட்டம் புரதங்களாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு, அந்தக் கைக்குப் பொருந்துகிற இன்னொரு கையைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் உரசிக்கொண்டு போய்விடுவார்கள், எங்கோ இருவர் நின்றுவிடுவார்கள். இதை ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். "நீ இப்படியே வாயத் தொறந்துகிட்டு உக்காந்திரு, ஒரு நாளு போர்ட் கிள்ளான் போயித்தான் எறங்கப் போற" என்றார். கிள்ளானைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் அது. போயிருக்கிறேன், பலமுறை.

எங்களுக்கு வந்த பெரிய வேலை வாழையின் வாடல் நோய். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும். இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி மடங்கித் தொங்கும். மரம் நின்றபடியே செத்துப் போகும். அந்தப் பூஞ்சை சில புரதங்களை வாழைக்குள் அனுப்புகிறது. அவை வாழையின் எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்று தெரிந்தால், அந்தப் பிடி கிடைக்காத வாழை ரகத்தைத் தேடலாம். ஆனால் ஜோடிகளோ கணக்கிலடங்காதவை. எல்லாவற்றையும் சோதிக்க என் ஆயுசு போதாது. எவற்றைச் சோதிக்கலாம் என்று கம்ப்யூட்டர் முதலில் சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் அன்பரசனை அழைத்து வந்தார்கள். ஒல்லியான ஆள், ரொம்பக் கூச்சம். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், முதல் நாளே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டார். மனைவியையும் சின்ன மகளையும் ஊரில் விட்டு வந்திருந்தார். எங்கள் ஆராய்ச்சி இரண்டாம் கட்டத்துக்குப் போனால் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைக்கும், குடும்பத்தைக் கொண்டுவரலாம். போகாவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

கீழ்க்கடையில் ஒரு குட்டிக் கட்டில் இருந்தது. வெள்ளைப் பெயின்ட், தலைமாட்டில் முயல் படம். அன்பு அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரச் சீனரிடம், எனக்காக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். தவுக்கேயும், அதாவது அந்தக் கடை முதலாளியும், ஒரு அட்டையில் அன்புவின் பெயரை எழுதிக் கட்டிலில் கட்டிவிட்டார். காலையில் அன்பு படியேறும்போது தவுக்கே, "பிலா சம்பாய்?" என்று கேட்பார், மகள் எப்போது வருகிறாள் என்று. "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே அன்பு முயலை ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறுவார். நான் பின்னால் ஏறிக்கொண்டு அதைப் பார்ப்பேன். அந்த முயலை எனக்கும் பிடித்துப் போயிருந்தது.

எங்கள் தலைவி டாக்டர் பத்மா. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். லேப்பைக் கூட்டிப் பெருக்குகிறவரையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "நீங்க தயவுசெஞ்சு இதை இன்னொரு தடவை செய்ய முடியுமா?" என்று அவர் கேட்டால் நமக்கு முதுகு வேர்க்கும். யார் நல்ல முடிவு கொண்டுபோனாலும் உடனே பாராட்ட மாட்டார். ஜன்னலோரம் வரிசையாக நிற்கும் வாழைக்கன்றுக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "மொதல்ல இது ஏன் பொய்யா இருக்கலாம்னு சொல்லுங்க" என்பார். கொண்டுவந்தவரே தன் முடிவுக்கு எதிராக வாதாட வேண்டும். வாதாடித் தோற்றால்தான் காபி வரும்.

அன்புவின் புரோகிராம் தயாரானபோது, எத்தனை ஜோடியைச் சரியாகச் சொல்கிறது என்று பார்த்ததில் மதிப்பெண் அமோகமாக இருந்தது. பழைய சோதனைகளில் சேர்ந்தவை என்று தெரிந்த ஜோடிகளையும், சேராதவை என்று வைத்துக்கொண்ட ஜோடிகளையும் காட்டிப் பழக்கிய புரோகிராம் அது. அன்றைக்கு டாக்டர் குப்பியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"சேருதுன்னு சொன்னவங்க இருக்காங்க. சேராதுன்னு யாரு சொன்னா?"

அன்பு கொஞ்சம் தடுமாறினார். "யாரும் சொல்லல டாக்டர். சேரலன்னா அதை யாரும் பேப்பர்ல எழுதறதில்லையே. அதனால கண்ண மூடிக்கிட்டு ஏதோ ரெண்ட எடுத்து ஜோடி போட்டு, சேராதுன்னு வச்சுக்கறோம். உலகம் பூரா அப்படித்தான் செய்யறாங்க."

டாக்டர், "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மதிப்பெண் நன்றாக இருந்ததால் காபி வந்தது. முதலீட்டாளர்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். புரோகிராம் தந்த பட்டியலை அங்கே காட்டி இரண்டாம் கட்டத்தைக் கேட்பதாக ஏற்பாடு.

இடையில் தீபாவளி வந்தது. கிள்ளானில் என் தம்பி வீட்டில் ஓப்பன் ஹவுஸ். வருபவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி மகள் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தவள், "அத்தை, இந்த அங்கிள் யாரு? நம்ம வீட்ல இருக்காரு, ரைஹானா ஆன்டி வீட்டு ஹரி ராயாவுல இருக்காரு, எதுத்த வீட்டு சைனீஸ் நியூ இயர்லயும் இருக்காரு. எல்லாருக்கும் சொந்தமா?" என்றாள்.

சந்திரன் அங்கிள். யாருக்கும் சொந்தமில்லை. எந்த வீட்டில் பந்தல் போட்டாலும் அங்கே இருப்பார், அவ்வளவுதான். அந்த நிமிஷமும் அவர் பின்னால் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் படங்களை மட்டும் காட்டி, யார் யாருக்குப் பழக்கம் என்று ஒருவரை ஊகிக்கச் சொன்னால் என்ன ஆகும்? சந்திரன் அங்கிளை யாரோடு ஜோடி போட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னொருவர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். வாழையிலும் இப்படிச் சில புரதங்கள் உண்டு. எல்லோரும் ஆராய்ந்தவை, எல்லாச் சோதனையிலும் தலைகாட்டியவை. சேருகிற ஜோடிகளில் அவை திரும்பத் திரும்ப வரும். கண்ணை மூடி எடுத்த சேராத ஜோடிகளில் எப்போதாவதுதான் வரும். அன்புவின் பட்டியலில் மேலே இருந்த பெயர்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் சந்திரன் அங்கிள்கள். கையில் இருந்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

லீவு முடிந்து லேப்புக்குப் போனதும் நானே ஒரு சோதனை செய்தேன். பட்டியலின் முதல் ஜோடியை எடுத்துக்கொண்டேன். வாழைப் புரதத்தை அப்படியே விட்டுவிட்டு, பூஞ்சைப் புரதத்தின் எழுத்துகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டேன். அதே எழுத்துகள்தான், ஆனால் வரிசை உளறல். அப்படி ஒரு புரதம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இவை இரண்டும் சேருமா என்று புரோகிராமைக் கேட்டேன். கட்டாயம் சேரும் என்றது. அடுத்த ஜோடி, அதற்கும் கட்டாயம். இப்படியே பட்டியலில் பாதிக்கு மேல் போனேன். நான் சர்க்கரை ரிப்போர்ட்டுக்குச் சொன்ன பதிலைத்தான் அது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்புவிடம் மத்தியானச் சாப்பாட்டுக் கடையில் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று எனக்கே ஒரு சபலம் இருந்தது, அந்த முயல் கண்ணில் நின்றது. ஆனால் சொன்னால்தானே என்ன செய்வது என்று அவரே முடிவு செய்ய முடியும்? மீன் குழம்பை அவர் தொடவே இல்லை.

"எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்கக்கா."

"தெரியும் அன்பு."

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. லேப் தட்டுல ஈஸ்ட் வளரலன்னா, சோதனை சரியா வரலன்னு விட்டுருவாங்க."

"அதுவும் தெரியும்லா."

தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்தார். "பாப்பாவுக்கு முயல் படத்த அனுப்பிட்டேன்க்கா" என்றார். திரும்பும்போது அவர் கட்டிலைப் பார்க்காமல் படியேறினார்.

சாயங்காலம் அவரே டாக்டரின் அறைக்குப் போனார், என்னையும் கூப்பிட்டார். டாக்டர் வழக்கம்போல ஒரு குப்பியைத் தூக்கினார். "சொல்லுங்க அன்பரசன். இது ஏன் பொய்யா இருக்கலாம்?"

அன்பு எல்லாவற்றையும் சொன்னார். கலைத்துப் போட்ட எழுத்துகளை, சந்திரன் அங்கிளை, முறுக்கைக்கூட விடவில்லை. அன்றைக்கு வாதாடி ஜெயித்துவிட்டார். டாக்டர் குப்பியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கூட்டத்துல இத நான் சொல்லித்தான் ஆகணும். தெரியுங்களா?"

"தெரியும் டாக்டர்."

"கட்டிலுக்குப் பணம் கட்டிட்டீங்களா?"

அவருக்கு அது தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. அன்பு இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் எழுந்து போய்த் தானே காபி போட்டுக்கொண்டு வந்தார். அவர் கையால் காபி குடித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் கட்டம் கிடைக்கவில்லை. அன்புவை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டுப் பார்த்தார், முதலீட்டாளர்கள் அதற்கும் ஒப்பவில்லை. இருக்கிற ஒப்பந்தம் முடியும்வரை லேப்பில் ஏதாவது செய்துகொள்ளலாம் என்றார்கள். மிச்ச நாளில் என்ன செய்யலாம் என்று டாக்டர் கேட்டபோது அன்பு யோசிக்கவே இல்லை.

"சேராததெல்லாம் எதுன்னு பாத்து எழுதி வைக்கலாம். நெஜமா தெரிஞ்சு சொல்ற 'இல்ல'. அது யார்கிட்டயும் இல்லையே."

இப்போது நினைத்தாலும் அந்த மாதங்கள் தண்ணீருக்குள் நடந்தவை போலத்தான் இருக்கின்றன, எல்லாம் மெதுவாக, சத்தமில்லாமல். ஈஸ்ட்டின் ஒரு செல்லுக்குள் வாழைப் புரதத்தையும் பூஞ்சைப் புரதத்தையும் ஒன்றாகக் குடிவைப்பேன். பிறகு அதை ஒரு முக்கியமான சத்து இல்லாத தட்டில் விடுவேன். இரண்டும் உள்ளே கைகோத்தால்தான் அந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ள ஈஸ்ட்டால் முடியும், வெள்ளைப் புள்ளிகளாக வளரும். கைகோக்காவிட்டால் தட்டு காலியாகவே இருக்கும். ஆனால் காலித் தட்டை உடனே நம்பிவிடக்கூடாது. ஈஸ்ட் செத்திருந்தாலும் தட்டு காலிதான். அதனால் அதே ஈஸ்ட்டைச் சத்துள்ள தட்டிலும் விட்டு, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு புரதங்களும் உள்ளே உண்மையிலேயே உருவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிச்சயம் சேரும் என்று தெரிந்த ஒரு ஜோடியைப் பக்கத்தில் வளர்த்துக்காட்ட வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, அப்புறமும் தட்டு வெறுமையாக இருந்தால்தான் அது இல்லை. ஆமாம் என்று சொல்வதைவிட இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்கு வேலை அதிகம்.

எல்லா வீட்டுக்கும் போகிற புரதங்களாகப் பார்த்து அன்பு எடுத்துக் கொடுத்தார். அவை யார் வீட்டுக்குப் போகாது என்று தெரிவதுதான் முக்கியம் என்பார். அதில் எல்லாவற்றையும்விட அதிகம் தலைகாட்டிய வாழைப் புரதத்துக்கு சந்திரன் என்றே பெயர் வைத்துவிட்டோம். காலையில் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இங்கயும் சந்திரன் வரல" என்பேன். அன்புவுக்குச் சிரிப்பு வரும். காலியான தட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆட்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கம்பெனியின் சொத்தை வெளியில் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு டாக்டர், "காலித் தட்டுக்கு யாருங்க பூட்டு போடப் போறாங்க?" என்றார். முடிவுகளை உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போட்டுவிட்டோம். யாரும் எங்களைப் பாராட்டவில்லை.

அன்பு கிளம்பிய அன்று தவுக்கே அட்டையை அவிழ்த்து அவரிடமே கொடுத்தார். அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு அலமாரி நின்றது. ரொம்ப நாள் நான் படியேறும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் ஏறினேன்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். பூச்சோங்கில் கீர்த்தனா படம் காட்டி முடித்ததும், "ஒரு ஜோடி நான் கேட்டுப் பாக்கவா?" என்றேன். சந்திரன் என்று பெயர் வைத்த புரதத்தின் எண் எனக்கு மறக்கவில்லை. அன்புவின் பழைய பட்டியலில் முதலில் இருந்த பூஞ்சைப் புரதத்தைப் பக்கத்தில் போட்டேன். இரண்டும் இருட்டில் சுழன்றன. நெருங்கின. பிறகு நடைமேடையில் உரசிக்கொண்டு போகிறவர்களைப் போல விலகிப் போய்விட்டன. சேராது என்று கீழே எழுதி வந்தது.

"சேராதுன்னு யாரு சொன்னா?" என்று என் வாயிலிருந்து டாக்டரின் கேள்வி வந்தது.

"இதுக்கு சேராத ஜோடியும் காட்டித்தான் ட்ரெயின் பண்ணிருக்காங்க ஆன்டி. வாழைக்கு நெஜமா டெஸ்ட் பண்ணது ஒரே ஒரு செட்தான் இருக்காம், எல்லா நாட்டுக்காரங்களும் அதத்தான் எடுக்கறாங்க. யாரோ பழைய லேப் போட்டது, பேரெல்லாம் யாரும் பாக்கறதில்ல. பாவம்லா, மெனக்கெட்டு யாரு காலித் தட்டா போட்டுக்கிட்டு இருந்தாங்களோ."

"வேல வெட்டி இல்லாதவங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் நின்று தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். அன்பு இப்போது அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார்.

"அன்பு, சந்திரன் போகலயாம்."

"எங்கக்கா?"

"அந்தப் பூஞ்சை வீட்டுக்கு. புது புரோகிராம் சொல்லுது. நம்ம தட்டப் பாத்துக் கத்துக்கிட்டதாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல், என்னிடம் பேசாமல் வீட்டுக்குள் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"பாப்பா, இங்க வா. மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு முயல் படமெல்லாம் அனுப்பிட்டு ஏன்ப்பா கூப்பிடலன்னு கேட்டுக்கிட்டே இருப்பல்ல. அத்தை லைன்ல இருக்காங்க. கேளு."

வளர்ந்த பெண்ணின் குரல் வந்தது. "சொல்லுங்கத்தை."

நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன்.